ட்ரெபிள் குமிழ்

ஜூன் 8, ஞாயிறு

வெயில். காலை ஒன்பதுக்கே மாடியில் கால் வைக்க முடியவில்லை.

கிட்டாருக்குப் புது பிக்கப் (கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) போட்டாயிற்று. மூன்று மணி நேரம். ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும்போது சூடு பட்டு இடது கட்டைவிரலில் கொப்புளம். அதுவும் கம்பியை அழுத்துகிற கை. மனைவி தேனு பார்த்துவிட்டு எண்ணெய் தடவிவிட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு மாற்றியவை, மறக்காமல் இருக்க:
கேபிள் (குட்டையாக, தடியாக).
டோன் கண்டென்சர், சின்ன அளவு.
வால்யூம், டோன் குமிழ் இரண்டுக்கும் அடியில் புது பாட்.
ஈக்யூ பெடல், மேல் சத்தத்தைக் கூட்ட.
இன்று பிக்கப்.

எல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். கிட்டாரில் மேல் பளபளப்பு இல்லை. கம்பியை மீட்டினால் "ணிங்" என்று தெறிக்க வேண்டும். எனக்கு "ணம்" என்று விழுகிறது. ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி.

பத்தரைக்கு அன்வர் கடை. கீழே எலக்ட்ரிகல் கடை, மேலே குடோன். பைப் கட்டு, ஒயர் சுருள், நடுவில் நாங்கள் இருவரும். எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். அவன் பேஸ் கிட்டார், நான் கிட்டார், தாளத்துக்குப் போன். என் ஆம்ப், சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, அங்கேயே இருக்கிறது. மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அதன் ட்ரெபிள் குமிழில் இருந்த வெள்ளைக் கோடு தேய்ந்து போய் ரொம்ப நாள் ஆகிறது. எதில் வைத்திருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. தேவையும் இல்லை. காதுதான் அளவு.

புது பிக்கப் முதல் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஈரச் சாக்கு.

"அன்வரு, நல்லாத்தான கீது?"
"சூப்பரா கீதுடா ஏயுமல."

ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவன் வாயில் என் பெயருக்கு 'ழ' வந்ததே இல்லை.

29ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் கூட்டம். நாங்கள் நான்கு பாட்டு வாசிக்கிறோம். பாடுவதற்கு ஆள் இல்லை, வெறும் இசைதான். இருபத்தெட்டு வருஷம் கழித்து அந்த மைதானத்தில். சொதப்பக்கூடாது.


ஜூன் 10, செவ்வாய்

ஆலையில் காலை ஷிப்ட். இரண்டு லாரி நெல். தூசி.

சாயங்காலம் தேனு துணி எடுக்க மாடிக்குப் போனாள். "மூணு விசிலு வந்தா அடுப்ப நிறுத்துங்க." நான் சமையலறைக்கு அடுத்த அறையில்தான் இருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். விசில் வரவில்லை. அவள் இறங்கி ஓடிவந்து நிறுத்தினாள்.

"ஏழு விசிலு! தெரு முனைக்குக் கேக்குது. இங்க குந்திக்கினு இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

ஃபேன் சத்தம் என்றேன். ஃபேன் கடகடவென்று அடிப்பது உண்மைதான். அதற்கும் எண்ணெய் விட வேண்டும். பருப்பு கூழாகிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது, ரசமாகச் சாப்பிட்டோம்.


ஜூன் 12, வியாழன்

நேற்று ஒரு மழை. இன்று சாயங்காலம் தனியாக ஏரிக்கரை வரை நடை.

மழை பெய்த மறுநாள் அங்கே சில்வண்டுச் சத்தம் காதைக் குடையும். இப்போது எதுவும் இல்லை. போன வருஷமும் இல்லை என்று ஞாபகம். மருந்து. வயலுக்கு அடிக்கிற மருந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டது. தவளை மட்டும் மிச்சம். நின்று கேட்டேன். தவளை, தூரத்தில் பம்ப் செட், அவ்வளவுதான். மனசு கனத்துவிட்டது. ஒரு உயிரினம் போவதை யாரும் கவனிக்கவில்லை, கணக்கெடுக்கவில்லை. நான் ஒருத்தன்தான் கவனிக்கிறேன் போலிருக்கிறது.

திரும்பி வந்து போனில் எங்கள் 'மழைப் பாட்டு'. (பெயர் நாங்கள் வைத்தது. முன்னிசையில் கிட்டார் தூறல் மாதிரி வரும். அன்வர் அப்பாவின் டேப் ரெக்கார்டரில் முதலில் கேட்டது. நான் கிட்டார் பிடித்ததற்கு அதுதான் காரணம்.) அதிலும் ஏமாற்றம். கேசட்டில் பின்னால் டிரம்ஸ் தட்டு "ச்சிக் ச்சிக்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். போனில் இருக்கிற பதிப்பில் அதையே காணோம். யாரோ புதுசாக மெருகேற்றுகிறேன் என்று கெடுத்து வைத்திருக்கிறார்கள். பழசைத் தொடாமல் இருக்கத் தெரியாதா?


ஜூன் 15, ஞாயிறு

கம்பி மாற்றியது. இதுவரை நிக்கல், இனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைவிடக் கூர்மையான கம்பி கிடையாது. இதற்கும் பளபளப்பு வராவிட்டால் ஆம்ப்பையே மாற்ற வேண்டியதுதான்.

வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். தேனு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"பல்லு கூசுது. சிலேட்டுல ஆணியால கீறுற மாரி கீது."
"அதுதாம்மா கிட்டார் சத்தம்."
"முன்னல்லாம் இப்டி இல்லீங்க. முன்ன நீங்க வாசிச்சா தூக்கம் வரும்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவளுக்கு இசை பிடிக்கும், கருவி தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டேன்.

குடோனில் அன்வருடன் கம்பி பேச்சு. அவன் பேஸில் எட்டு வருஷமாக அதே நாலு கம்பி. மாற்ற மாட்டானாம். பேஸ் கம்பி பழசானால்தான் பேசுமாம்.

"தோசக்கல்லு மாரிடா. பயகப் பயகத்தான் எறங்கும். நீ இன்னாடா வாரம் ஒண்ணு வாங்கியாந்து பூட்டிக்கினு கீற?"
"தெளிவு வேணும்டா."
"எனுக்குக் கொஞ்சம் குத்தறாப்ல கீதுடா, இந்தக் கம்பி."
"புதுக் கம்பி. ரெண்டு வாரத்துல அடங்கிடும்."

கீழே போய் டீ வாங்கி வந்தேன். திரும்பி வந்து வாசித்தால் ஸ்டீல் கம்பியே மழுங்கிவிட்டது. பதினைந்து நிமிஷத்தில் கம்பி மழுங்குமா? குடோன் சூட்டில் ஆம்ப்பில் ஏதோ இளகுகிறது. திறந்து பார்க்க வேண்டும்.


ஜூன் 17, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிட வேண்டும்.

ஆலையில் இன்று நெல் தூக்குகிற எலிவேட்டரின் மேல் பேரிங் பிடித்துக்கொண்டது. பெல்ட் அறுந்து, வாளியெல்லாம் கீழே கொட்டி, நாலு மணி நேரம் ஆலை நின்றது. யாருக்கும் அடியில்லை. கூட வேலை செய்கிற மல்லிகா அந்த நேரம் இரண்டடி தள்ளி நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டடி.

பேரிங் சொல்லாமல் போகாது. போவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கீச்சென்று கத்தும். பத்தொன்பது வருஷமாக அதுதான் என் வேலை. நடுவில் நின்று கேட்பேன், எந்த மெஷினில் எந்தப் பேரிங் என்று கை காட்டுவேன். முதலாளி வெளியாளிடம் சொல்வார்: "எங்க ஏழுமலைக்குக் காதுலதாங்க ஸ்பேனர்."

மல்லிகா கொட்டின நெல்லை வாரிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"நேத்து மத்தியானத்துல இருந்து கீச்சு கீச்சுனு கத்திக்கினே இருந்துச்சேண்ணே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நேற்று மத்தியானம் நான் அதன் அடியிலேயே நின்று டீ குடித்தேன்.

முதலாளி திட்டவில்லை. "உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். அது திட்டியதைவிட மோசம்.


ஜூன் 19, வியாழன்

மேகம். மழை இல்லை.

இரண்டு நாளாகக் கிட்டாரைத் தொடவில்லை. ஆலைக்குள் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வோமா என்று ஒரு யோசனை. வைத்தால் பேரிங் சத்தம் கேட்காதே என்றுதான் இத்தனை வருஷம் வைக்கவில்லை.

ஜலதோஷமாக இருக்கும். அழுக்கு அடைத்திருக்கும். ஒரு வாரம் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். தேனுவிடம் சொல்லவில்லை.


ஜூன் 22, ஞாயிறு

அன்வருடன் சண்டை. இத்தனை வருஷத்தில் முதல் சண்டை என்று எழுத நினைத்தேன், பொய். ஆனால் இது வேறு மாதிரி.

பத்தரைக்கு ஆரம்பித்தோம். கோடு இல்லாத அந்தக் குமிழைக் காதால் கேட்டு எனக்குப் பிடித்த இடத்தில் வைத்தேன். மழைப் பாட்டு இரண்டு தடவை. சுமாராக வந்தது. டீக்கு இறங்கினேன். பாதிப் படியில் போனை மேலே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி ஏறினேன்.

அன்வர் என் ஆம்ப் முன்னால் குந்தியிருக்கிறான். கை ட்ரெபிள் குமிழில். மெதுவாக இடது பக்கம் திருப்புகிறான்.

"இன்னாடா பண்ற?"

திரும்பினான். திருடன் மாதிரி முகம். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தினி நாளாடா இது?"
"பொங்கல்ல இருந்து."

ஐந்து மாசம். கேபிள், கண்டென்சர், பாட், பெடல், பிக்கப், கம்பி. நான் ஒவ்வொன்றாக ஏற்ற, இவன் ஒவ்வொரு டீக்கும் இறக்கியிருக்கிறான். நான் பைத்தியக்காரன் மாதிரி கண்டென்சரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு.

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத வேண்டாம். ஒன்று மட்டும்: "நீ ஃப்ரெண்டாடா?" என்று கேட்டேன்.

அவன் கத்தவில்லை.

"உனுக்குக் கேக்கலடா ஏயுமல. மேல் சத்தம் உனுக்குக் கேக்கல. நீ வெக்கிற எடத்துல வெச்சா கீய கடையில கஷ்டமரு காத மூடிக்கிறான். நான் ஒருதபா சொன்னேன் குத்துதுன்னு. நீ புதுக் கம்பின்ன. அப்பால எப்டிடா சொல்றது? நீ காதால சோறு துன்றவன்டா. உன் காது போச்சுன்னு உன் மூஞ்சிக்கு நேரா நான் எப்டிடா சொல்றது?"

கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியை உதைத்தது ஞாபகம் இருக்கிறது, வீடு வந்தது ஞாபகம் இல்லை.

தேனுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரிங்கிலிருந்து ஆரம்பித்து. அவள் கேட்டுவிட்டு, "குக்கரு விசிலப்பவே நெனச்சேன்" என்றாள். பிறகு எனக்குத் தெரியாத பக்கமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். எனக்குத் தெரிந்தது.


ஜூன் 24, செவ்வாய்

செங்கல்பட்டு. லீவு போட்டு, தேனுவும் நானும் பஸ்ஸில். காது பரிசோதனை.

கண்ணாடி வைத்த சின்ன அறை. கதவைச் சாத்தினால் அப்படி ஒரு அமைதி, ஏதாவது ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டேனோ என்று இருந்தது. ஹெட்போன் மாட்டினார்கள். நல்ல ஹெட்போன், என்ன கம்பெனி என்று பார்த்தேன். புத்தி போகாது. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் 'பூம்' சத்தங்கள். எல்லாம் கேட்டது, டக் டக்கென்று அழுத்தினேன். பரீட்சையில் எல்லாம் தெரிந்த கேள்வி வந்த மாதிரி சந்தோஷம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இடைவேளை என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்கிற அம்மா குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் ஏரிக்கரை மாதிரி சமமாக வந்து, வலது பக்கம் மதகில் இறங்குகிற மாதிரி சரிகிறது.

"கீழ் ஸ்தாயி எல்லாம் நல்லா இருக்கு சார். மேலதான் போயிருக்கு. சத்தமான எடத்துல ரொம்ப வருஷம் வேலையா?"
"ரைஸ் மில். பத்தொம்பது வருஷம்."
"காதுக்கு ஒண்ணும் போட்டுக்க மாட்டீங்களா?"
"போட்டா மெஷின் சத்தம் கேக்காதுங்க."

அவர் சிரிக்கவில்லை. போனது வராதாம். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். மெஷின் வைப்பது பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றார். காதுக்குள் வைக்கிற மெஷின். அதற்கும் ட்ரெபிள் குமிழ் இருக்குமா என்று கேட்டேன். அப்போது சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் தேனு என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். "இன்னா?" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி "இன்னா?" கடைசியில் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும் வரை விடவில்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.


ஜூன் 26, வியாழன்

நேற்று நல்ல மழை. இன்று தேனுவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை.

நின்றோம். தவளை. பம்ப் செட்.

"இப்ப சில்வண்டு கீதா தேனு?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"காதே அடைக்குது. சுத்தி அதான கத்துது."

அப்படியானால் மருந்து தின்னவில்லை. எல்லாம் இருக்கிறது. மழைப் பாட்டின் "ச்சிக் ச்சிக்" போனில் பத்திரமாக இருக்கிறது, யாரும் கெடுக்கவில்லை. பேரிங் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. உலகம் அப்படியே இருக்கிறது, நான்தான் கொஞ்சம் வெளியே வந்துவிட்டேன். வருத்தமாக இருந்தது. சில்வண்டு சாகவில்லை என்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது, உண்மையாகவே.

எப்படிக் கத்துகிறது, வாசித்துக் காட்டு என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே "க்ரீ..." என்று இழுத்தாள். அவள் குரலில் அது கேட்டது.

வீட்டுக்கு வந்து அன்வருக்கு போன். 'நீ ஃப்ரெண்டாடா' என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவன் என்னை வாயைத் திறக்கவே விடவில்லை.

"ஞாயித்துக்கெயம வாசிக்கிறமா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."
"எந்தக் காத வெச்சிடா வாசிக்கறது?"
"வாசிக்கறது கையிடா. காதுதான பிரச்சன? வேற யாரோடதாவது வெச்சிக்கலாம்."


ஜூன் 28, சனி

தேனு முதல் தடவையாகக் குடோனுக்கு வந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் கூப்பிட்டதே இல்லை. ஒயர் சுருள் மேல் அட்டையைப் போட்டு உட்காரவைத்தான் அன்வர். "இன்னா தங்கச்சி, டீயா, ஜூஸா?" என்று உபசாரம் வேறு.

முதல் வேலையாக ஸ்டீல் கம்பியைக் கழற்றிவிட்டுப் பழைய நிக்கல் மாட்டினேன். பிறகு மழைப் பாட்டு முன்னிசை. எனக்குப் பிடித்த இடத்தில் குமிழ். தேனு முகம் சுளித்தது. குறைத்தேன்.

"இன்னும்."

குறைத்தேன்.

"இன்னும்ங்க."

எனக்கு ஈரச் சாக்கு வந்துவிட்டது. அவள் இன்னும் கை காட்டினாள். கடைசியில் ஒரு இடத்தில், "தோ, இங்க. இதான். முன்ன வூட்ல வாசிப்பீங்களே, அது" என்றாள்.

அன்வர் தலையை மட்டும் ஆட்டினான். அவன் பொங்கலிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டிருந்த இடமும் அதுதானாம்.

தேனு பையிலிருந்து நகப்பூச்சு எடுத்தாள். சிவப்பு. கோடு அழிந்த அந்தக் குமிழில் ஒரு பொட்டு. அதற்கு நேராக ஆம்ப் தகட்டில் இன்னொரு பொட்டு.

"ரெண்டும் நேரா நிக்கணும். இத்தத் தாண்டுனீங்கன்னா நான் எந்திரிச்சிப் பூடுவேன், சொல்லிட்டேன்."
"தங்கச்சி, இந்த வேலைய பொங்கலுக்கே பண்ணியிருக்கலாம்மா. எத்தினி தபா நானு திருடன் மாரி..." அன்வர் முடிக்கவில்லை. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பொட்டில் வைத்து நான்கு பாட்டும் வாசித்தோம். அன்வரின் பேஸ் முழுசாகக் கேட்கிறது. எட்டு வருஷமாகப் பக்கத்தில் நின்றும் அதை இவ்வளவு கவனித்ததில்லை. பழைய கம்பியில் ஒவ்வொரு சுரமும் உருண்டையாக வருகிறது. அவன் மேல் நடந்து போகிற மாதிரி வாசித்தேன். கிட்டாரின் மேல் பாதிக்கு ஞாபகம்தான் துணை. கை தப்பவில்லை.

ஸ்டீல் கம்பியைக் கழற்றிவிட்டுப் பழைய நிக்கல் மாட்டினேன்.


ஜூன் 29, ஞாயிறு

வானம் மப்பு. நல்ல வேளை, பந்தல் போட்டிருந்தார்கள்.

சுமார் நூறு பேர். பாதிப் பேர் வழுக்கை, பாதிப் பேர் தொப்பை, நான் இரண்டும். பதினொன்றரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். குடோனிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று பாட்டு கைதட்டலோடு போயிற்று. கடைசியில் மழைப் பாட்டு.

முன்னிசை தொடங்கி நாலாவது வரியில் பழைய ஆசை வந்துவிட்டது. திறந்த மைதானம், சத்தம் காற்றில் போகிறது, எனக்கு வெறும் "ணம் ணம்". இத்தனை பேர் முன்னால் ஈரச் சாக்கைத் தட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று வேர்த்துவிட்டது. நடுவில் இரண்டு வரி பேஸ் தனியாக வரும், என் கை சும்மா இருக்கும். கை தானாகக் குமிழுக்குப் போனது. குமிழைத் தொட்டேன். அன்வர் பார்த்தான், வாசித்துக்கொண்டே இருந்தான்.

சிவப்புப் பொட்டு. அதற்கு நேராக இன்னொரு பொட்டு.

நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். தேனுவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. காதுக்குப் போகவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துவிட்டேன். என் வரி வந்தது, வாசித்தேன்.

நாளை காலை ஷிப்ட். முதலாளியிடம் அந்தக் கோடு போட்ட பரிசோதனைக் காகிதத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். இனிமேல் ஷிப்டுக்கு ஒருதரம் நின்று பேரிங் கேட்பது மல்லிகா, மற்ற நேரம் காதை மூடிக்கொண்டு. அன்வர் கடையில் காதுக்கு மூடி வாங்கியது பையில் இருக்கிறது, இரண்டு ஜோடி. ஒன்று எனக்கு. ஒன்று மல்லிகாவுக்கு.